சத்தம் வந்தால் வேகம் வராது: கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் கடைக்கு வந்தார். பையிலிருந்து கீபோர்டை எடுத்து மேஜையில் வைத்தார். கூடவே ஒரு பாலித்தீன் கவர். அதற்குள் நாலைந்து நீல ஸ்விட்ச், அதாவது மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் பாகம்.

"கேம்ல ப்ளூ ஸ்விட்ச் சரியா வரலைண்ணா. ரெட் போட்டுக்கலாம்னு நானே உருவிட்டேன்."

திருப்பிப் பார்த்தேன். அது ஹாட்-ஸ்வாப், அதாவது ஸ்விட்சை உருவி மாற்றக்கூடிய போர்டே இல்லை. ஸ்விட்ச் ஒவ்வொன்றும் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் ஏ, டி இரண்டுக்கும் அடியிலிருந்த செம்புப் பேட் பிய்ந்து, ஸ்விட்சின் காலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வாங்கி இருபதே நாள். இந்த மாதத்தில் மட்டும் இப்படி வருவது இது நான்காவது. பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஏன் ப்ளூ வாங்கினீர்கள் என்று கேட்டால் நான்கு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "டக் டக்னு சத்தம் வருது, அதான் ஃபாஸ்ட்டுன்னு சொன்னாங்க."

இல்லை தம்பி. சத்தத்துக்கும் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சிவப்பு, நீலம், பிரவுன் என்ற நிறக் கணக்கு ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச் வரிசையிலிருந்து வந்தது. இன்று கேட்டரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களும் பெரும்பாலும் அதே நிறங்களைப் பின்பற்றுகின்றன. செர்ரியின் ரெட் 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து பதியும். அழுத்த வேண்டிய விசை சுமார் 45 கிராம். ப்ளூவுக்கு 2.2 மி.மீ. இறங்க வேண்டும், விசையும் 60 கிராம் பக்கம். ஆக, இறங்கும்போதே ப்ளூ ஒரு படி பின்தங்கித்தான் இருக்கிறது.

உண்மையான சிக்கல் மேலே ஏறும்போதுதான். ப்ளூவின் தண்டில் வெள்ளையாக ஒரு சின்ன வளையம் தளர்வாக மாட்டியிருக்கும். அது சட்டென்று கீழே விழுந்து அடிப்பதுதான் நீங்கள் கேட்கும் 'டக்'. அந்தத் தளர்ச்சியால், விரலை எடுக்கும்போது எழுத்து பதிந்த இடத்துக்கு வந்தால் மட்டும் போதாது. அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால்தான் தொடர்பு விடும். ரெட்டில் பதியும் இடமும் விடும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் விரலை லேசாகத் தூக்கி மறுபடி தட்டினாலே அடுத்த எழுத்து விழும்.

வேலரண்ட், கவுன்ட்டர்-ஸ்டிரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கு இது புரியும். ஏ அழுத்தி இடப்பக்கம் ஓடுகிறீர்கள், அதை விட்டு டி தட்டிச் சட்டென்று நின்று சுட வேண்டும். ஏ விடுபடத் தாமதமானால் நிற்பதும் தாமதமாகும், குண்டு வேறெங்கோ போகும். அந்த மாணவர் "சரியா வரல" என்று சொன்னது இதைத்தான். அவர் விரலில் குறையில்லை.

இதற்காக எல்லோரும் ஸ்பீடு சில்வர் என்ற ஸ்விட்ச் வாங்க ஓட வேண்டாம். அது 1.2 மி.மீ.யிலேயே பதிந்துவிடும். ஆட்டத்துக்கு நல்லது, ஆனால் அதே கீபோர்டில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் அடிக்கப் போகிறீர்கள் என்றால், விரல் சும்மா உட்கார்ந்தாலே எழுத்து விழுந்து தொலைக்கும். விளையாட்டே பிரதானம் என்றால் காந்த ஸ்விட்ச் உள்ள கீபோர்டு பாருங்கள். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பிரபலமாக்கிய முறை அது. விரல் மேலே ஏறத் தொடங்கியதுமே விசை விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: எதிரெதிர் விசைகளைக் கீபோர்டே பார்த்து மாற்றிவிடும் ஸ்னாப் டேப் போன்ற வசதிகளை வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2-இன் தன் சர்வர்களில் தடை செய்துவிட்டது. அங்கே ஆடுகிறவர்கள் அதை அணைத்துவையுங்கள். இன்னொன்று, காந்த கீபோர்டில் சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்சைச் செருகினால் பொதுவாக வேலை செய்யாது. அப்படிச் செருகிவிட்டும் வருகிறார்கள்.

8000 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 1000 ஹெர்ட்ஸே எந்த விசை அழுத்தியிருக்கிறது என்று ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை கம்ப்யூட்டருக்குக் கணக்கு கொடுக்கிறது. போதும்.

டைப் அடிப்பவர்களின் கதை வேறு. எங்களிடம் ஒரு டிடிபி அக்கா வருவார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரும்பு மெஷினில் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தையும் அடிவரை இறக்கித்தான் அடிப்பார். அவர் கீபோர்டைக் கையில் வாங்கினாலே தெரிந்துவிடும், தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் அடிக்கிறவர் என்று. எஃப் விசை மட்டும் எண்ணெய் தடவியது மாதிரி பளபளக்கும், எழுத்தே அழிந்திருக்கும். புள்ளி அங்கேதானே இருக்கிறது! அவருக்குச் சிவப்பு ஒத்துவரவில்லை, விரல் பட்டாலே கூடுதல் எழுத்து விழுந்தது. பிரவுன் போட்டுக்கொடுத்தேன், அழுத்தும்போது நடுவில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும், சத்தமும் குறைவு. கீகேப்பை, அதாவது விசையின் மேல்மூடியை, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலிருந்து பிபிடி பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம், அது சீக்கிரம் மழுங்காது.

அவருக்கு மணிக்கட்டு வலியும் இருந்தது. கீபோர்டின் பின்கால்களை விரித்து வைத்திருந்தார். தயவுசெய்து அதை மடக்கிவிடுங்கள். மெக்கானிக்கல் கீபோர்டு ஏற்கெனவே உயரம், பின்பக்கத்தை இன்னும் தூக்கினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தபடியே நாள் முழுக்க இருக்கும். விரல் மரத்துப்போகிறது என்றால் கீபோர்டு கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

அளவையும் யோசித்து வாங்குங்கள். 60 சதவீதம் என்று சொல்லும் சின்னக் கீபோர்டில் அம்புக்குறி விசைகள் தனியாக இருக்காது. கணக்கு வேலை பார்க்கிறவருக்கு நம்பர் பேட் இல்லாமல் ஓடாது. மவுஸை வீசி ஆடுகிறவருக்கு நம்பர் பேட் இல்லாத 87 விசைக் கீபோர்டு போதும்.

'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருந்தால் அது மெக்கானிக்கல் இல்லை, உள்ளே ரப்பர்தான். கடையிலேயே ஒரு கீகேப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக ஸ்விட்ச் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதன் தலையில் கம்பெனிப் பெயரும் பொறித்திருக்கும். கழற்றக் கூடாது என்றால் வேறு கடை பாருங்கள். ஹாட்-ஸ்வாப் என்றால் எந்த ஸ்விட்ச் பொருந்தும் என்றும் கேளுங்கள். மலிவான சில போர்டுகளில் துளை சிறியதாக இருக்கும், அவுட்டெமுவின் மெல்லிய கால்தான் நுழையும். மூன்று கால் ஸ்விட்சுக்கான போர்டில் ஐந்து கால் ஸ்விட்ச் நேராக உட்காராது. ஸ்விட்சை மாட்டும்போது கால் நேராக இருக்கிறதா என்று பார்த்து, நேர்க்குத்தாக அழுத்துங்கள். இறுக்கமாக இருந்தால் நிறுத்துங்கள்.

ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்தால் அதில் தேங்காய் எண்ணெயோ துருநீக்கி ஸ்பிரேயோ விடாதீர்கள். எண்ணெய் விட்டதில் தூசி அப்பி மொத்த வரிசையும் போனதை இதே மேஜையில் திறந்து பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவரின் போர்டில் பிய்ந்த இரண்டு பேட்டுக்கும் மெல்லிய கம்பி இழுத்து உயிர் கொடுத்தேன். பாதி நாள் பிடித்தது. ஸ்விட்ச் மாற்றும் முன்பு கீபோர்டைக் கொண்டுவந்து ஒருமுறை காட்டுங்கள், ஹாட்-ஸ்வாப்பா இல்லையா என்று பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. புதிதாக வாங்கப் போகிறவர்களும் வரலாம். ரெட், பிரவுன், ப்ளூ, சில்வர் நான்கையும் ஒரே போர்டில் மாட்டி வைத்திருக்கிறேன், பத்து நிமிடம் உட்கார்ந்து அடித்துப் பாருங்கள்.