"சைக்கிள்தானே சார், சத்தமே இல்லையே!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நீலகிரியில் நான் முன்பு வேலை பார்த்த பீட்டிலிருந்து, அதாவது வனக் காவல் பகுதியிலிருந்து, வாட்சர் போன் செய்தார். "ஐயா, சோலைக்குக் கீழ ஒரு பையன் சைக்கிளோட விழுந்து கெடக்கான். கால் போச்சு போல." காப்புக்காட்டுக்குள் சைக்கிளில் மலை இறங்கப் போய் விழுந்தவர்களில், எனக்குத் தெரிந்து இந்த வருடம் இவன் நாலாவது ஆள். நான் ஓய்வு பெற்ற வனவர். வீடு பக்கம்தான் என்பதால் போனேன். கம்பளியில் கட்டித் தூக்கி ரோட்டுக்கு ஏற்ற ஆறு பேருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

தூக்கி வரும்போதுதான் அந்தத் தடத்தை முழுதாகப் பார்த்தேன். சீகை (வாட்டில்) மரக்காடு முடிந்து, மலைப் பள்ளங்களில் அடர்ந்து வளரும் இயற்கைக் காடான சோலை தொடங்கும் சரிவு. இரண்டடி அகலத்துக்கு இலைச்சருகையெல்லாம் சுரண்டி எடுத்திருந்தார்கள். குறுக்கே நின்ற நாவல் கன்றுகளைக் கணுக்கால் உயரத்தில் வெட்டி, ஓடைக்கரை மண்ணைக் கொண்டுவந்து வளைவுகளில் சாய்வாக மேடு கட்டியிருந்தார்கள். விழுந்து கிடந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தின் மேல் பலகை அடித்து, துள்ளிக் குதிக்க ஓர் ஏற்றம். வேலை என்னவோ சுத்தம். எங்கள் ஆட்கள் தீத்தடுப்புக் கோடுகூட இவ்வளவு நேர்த்தியாக எடுத்து நான் பார்த்ததில்லை.

வலியிலும் அந்தப் பையன் சொன்னது: "ஜீப், பைக்குன்னா தப்பு சார். இது சைக்கிள்தானே, புகை இல்ல, சத்தமே இல்ல." இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள்.

தம்பி, சத்தம் இல்லாததுதான் சிக்கலே. காட்டுமாடு, கரடி எல்லாம் நம்மைக் காதாலும் மூக்காலும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலகிப் போகிறவை. பழங்குடி மக்கள் காட்டுப் பாதையில் பேசிக்கொண்டும், இடையிடையே குரல் கொடுத்துக்கொண்டும் நடப்பது பொழுதுபோக்குக்காக இல்லை. ஜீப் வந்தால் அரை கிலோமீட்டருக்கு முன்பே மாடு இறங்கிப் போய்விடும். நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் இறங்குகிறீர்கள். வளைவில் கண்ணுக்குத் தெரிவது 15 மீட்டர் என்றால், உங்களுக்கும் அங்கே படுத்து அசை போடும் காட்டுமாட்டுக்கும் இடையே இருப்பது இரண்டு நொடிகூட இல்லை. கிட்டத்தட்ட ஒரு டன் எடை வரை வளரும் மிருகம் அது. ஓட வழி கிடைக்காவிட்டால் முட்டத்தான் செய்யும். குட்டியோடு இருக்கும் கரடியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2016-இல் அமெரிக்காவின் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில், சைக்கிளில் வந்த ஒருவர் தடத்தில் நின்ற கரடி மேலேயே மோதினார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. விசாரித்தவர்கள் சொன்னதும் இதுதான்: வேகம், பார்வை மறைந்த வளைவு, சுதாரிக்க ஓரிரு நொடி. அந்தக் கரடி வேட்டையாட வந்து நிற்கவில்லை.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்த மாவட்டம் இது. நேராகக் கீழே இறங்கும் தடத்தில் மழைத்தண்ணீர் மண்ணை எப்படி அரித்துக்கொண்டு போகும் என்பது நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். டயர்ச் சேற்றில் ஒட்டி வரும் களை விதை வேறு. மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதரை வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நாங்கள் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் போட்ட தடத்தில் நீங்கள் மட்டும் போவதில்லை. ஒரு பழைய சைக்கிள் தடத்தின் ஓரத்தில் முயலுக்கும் கடமானுக்கும் வைத்த சுருக்குக் கம்பிகளை நானே எடுத்திருக்கிறேன். வைத்தவனுக்கு வழி வெட்டும் வேலை மிச்சம்.

சட்டம் தெரியாது என்பவர்களுக்கு: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். மரம் வெட்டினால் அது தனி. சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும், சைக்கிளையும் மறந்துவிட வேண்டியதுதான். "பொது நிலம்தானே" என்று என்னிடம் வாதாடாதீர்கள். கலெக்டர் ஆபீசும் பொது இடம்தான், அங்கே போய்ப் பள்ளம் தோண்டுவீர்களா?

சரி, இந்தப் பையன்கள் எங்கேதான் ஓட்டுவது? நியாயமான கேள்வி. கனடாவில் வான்கூவருக்கு வடக்கே உள்ள மலைகளிலும் பல தடங்கள் இப்படித் திருட்டுத்தனமாகத்தான் தொடங்கின. 1997-இல் சைக்கிள்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி, இன்று அனுமதியோடு தடங்களைப் பராமரிக்கிறார்கள். இங்கே நடப்பவர்களுக்காக 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளை அரசு திறந்தது. சைக்கிளுக்கும் சில தடம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் சோலை ஓரத்தில் வேண்டாம்.

அதுவரை எஸ்டேட்காரர்களிடம் கேட்டு அவர்கள் ரோட்டில் ஓட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஹேண்டிலில் மணி கட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். காலை, மாலை மங்கல் நேரத்தில் வேண்டவே வேண்டாம். ஊர் திரும்பும்முன் டயரைக் கழுவுங்கள். தப்பித் தவறிக் காட்டுக்குள் விழுந்துவிட்டால், கேஸ் போடுவார்களோ என்று பயந்து வாட்சரிடம் மறைக்காதீர்கள். இந்தப் பையனோடு வந்தவர்கள் அப்படி ஒன்றரை மணி நேரம் மறைத்தார்கள். அதற்குள் கால் வீங்கி ஷூவை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம், அந்தத் தடத்தை 'ரகசியத் தடம்' என்று ஜி.பி.எஸ். வரைபடத்தோடு வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்திடறோம் அங்கிள்" என்றார்கள். நேற்று ராத்திரி பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. கீழே எட்டுப் பேர் வழி கேட்டிருக்கிறார்கள்.