கண் மஞ்சளாகாத காமாலை

சித்தி மகன் போன் செய்தபோது மாலை ஆறு மணி இருக்கும். குவைத்தில் டிரைவர் வேலை. விசா வந்துவிட்டது, ஊரில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. "அக்கா, மெடிக்கல்ல அன்ஃபிட்னு போட்டுட்டாங்க" என்றான். குரலே சரியில்லை. ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். இருபது வரிகள் இருந்தன, எல்லாம் நார்மல். ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: எச்.பி.எஸ்.ஏ.ஜி. – ரியாக்டிவ்.

"எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையேக்கா. வேற யார் ரத்தத்தையாவது மாத்தி வெச்சிருப்பாங்களோ?"

மாற்றி வைக்கவில்லை. இன்னொரு இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், அங்கேயும் அதே முடிவுதான். அவனுக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்பதைத்தான் அந்தத் தடித்த வரி சொன்னது. நான் வருடக்கணக்காக ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய்ந்துவரும் அதே வைரஸ் என் சித்தி வீட்டிலேயே இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

'காமாலை வரவில்லை, அதனால் கல்லீரலுக்கு ஒன்றுமில்லை' என்று அவன் நம்பியதைப் போலத்தான் நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். மஞ்சள் காமாலை என்பதையே நாம் ஒரு நோயின் பெயராக வைத்திருக்கிறோம். உண்மையில் அது ஓர் அறிகுறிதான். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைக் கல்லீரல் வெளியேற்ற முடியாமல் போனால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும். காரணம் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊரில் அதிகம் பார்ப்பது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். இவை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். (கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிரையே பறிக்கக்கூடியது.)

அந்தச் சில வாரங்களில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தவருக்கும் குணமாகும், குடிக்காதவருக்கும் குணமாகும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. என் பாட்டி எனக்கே அரைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அக்கறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே நம்பிக்கையோடு ஹெபடைடிஸ் பி-யிடம் போனால் ஏமாந்துவிடுவோம்.

கீழாநெல்லியை விஞ்ஞானம் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை 1960-களில் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்த மாதிரியில் அது தென்பட்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றார்கள். நம்மூரில் மூத்த டாக்டர்கள் இன்னமும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிளம்பெர்க்கேதான் கீழாநெல்லியைக் கையில் எடுத்தார். வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியை அதன் சாறு தடுப்பதாகவும், இதே இன வைரஸ் தொற்றிய வுட்சக் என்ற விலங்கின் ரத்தத்தில் வைரஸைக் குறைப்பதாகவும் 1987-ல் அவர் குழுவினர் எழுதினார்கள். அடுத்த வருடம் சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் பிளம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லி கேப்சூல் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த ஆன்டிஜென் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத கேப்சூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

படித்தால் இப்போதும் மனம் துள்ளும். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் அங்கே கிடைக்கவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், நோயாளிகளின் வித்தியாசம் என்று பல காரணங்களை விவாதித்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய பிறகும், இந்தச் செடி நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. முதல் ஆய்வைச் செய்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இன்னொருவர் இன்னொரு ஊரில் செய்து பார்க்க முடிகிறபடி அவர்கள் எழுதினார்கள். அப்படிச் செய்து பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது.

'ஆய்வுக்கூடத்தில் வைரஸைக் கொன்றது' என்று ஒரு செய்தி வந்தால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். கல்லீரல் செல்களை 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்போம். தட்டு உள்ளங்கை அளவுதான். அந்தச் செல்கள் வைரஸை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மேலே சோதனைச் சாற்றைச் சேர்த்து, சில நாள் கழித்து எவ்வளவு வைரஸ் மிச்சம் என்று அளப்போம். ஒரு மாணவி ஒரு செடிச் சாற்றில் வைரஸ் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று ஓடிவந்தாள். அவள் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மறுநாள் அதே அளவுச் சாற்றைச் சேர்த்த இன்னொரு தட்டில் மஞ்சள் சாயம் ஊற்றினோம். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை ஊதாவாக மாற்றும். சாறு படாத குழிகள் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. சாறு பட்ட குழிகள் ஊற்றிய மஞ்சளாகவே இருந்தன. செல்களே செத்துவிட்டன. வீடே எரிந்த பிறகு திருடன் எங்கே இருப்பான்?

செல் சாகாமல் வைரஸ் மட்டும் குறைந்தாலும் வேலை முடிவதில்லை. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இறுகுமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். வைரஸின் நொதியையும் பிடிக்கும், எங்கள் பரிசோதனையில் பயன்படும் புரதத்தையும் பிடிக்கும். பார்ப்பதற்கு மருந்து வேலை செய்வதுபோலவே இருக்கும். அதைத் தாண்டினால், குடல் அதை உறிஞ்சுமா, கல்லீரல் அதைச் சிதைக்காமல் விடுமா, தட்டில் வைத்த செறிவு மனித ரத்தத்தில் வருமா என்று கேள்விகள் நீளும். நூற்றில் ஒன்றுகூட இத்தனை படியும் ஏறுவதில்லை. வாட்ஸப்பில் வரும் செய்தி பெரும்பாலும் முதல் படியிலேயே எழுதப்பட்டது.

சரி, காமாலையே வராமல் எப்படி ஒருவர் உடம்பில் இந்த வைரஸ் இருபது, முப்பது வருடம் தங்குகிறது? இதில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்களை அடையாளம் கண்டு அழிப்பது நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள்தான். கண் மஞ்சளாவதும், கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி எகிறுவதும் அந்தச் சண்டையின் விளைவு. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்குமேல் இந்தச் சண்டையில் ஜெயித்து வைரஸை அடக்கிவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைக்கு இது தலைகீழ். பிஞ்சு உடம்பு வைரஸை எதிரியாகப் பார்ப்பதில்லை. சண்டை இல்லை, காய்ச்சல் இல்லை, மஞ்சளும் இல்லை. அப்படித் தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு வைரஸ் நிரந்தரமாகிவிடும். பல வருடம் கழித்து, சத்தமில்லாமல் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வந்த பிறகு கண்டுபிடிப்பார்கள். இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்பது 2022-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அதில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது.

மருந்து இல்லையா என்றால், நல்ல மருந்துகள் இருக்கின்றன. டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் தினம் ஒரு மாத்திரைதான். ஆனால் "ரெண்டு வருஷமா சாப்பிடறேன், ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னுதானே வருது" என்று வருத்தப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வைரஸின் மரபுப் பொருள் மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள்தான். அதைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு மூடிய வட்ட டிஎன்ஏவாகப் பூட்டி வைத்துக்கொள்கிறது. அது மூலப்பத்திரம் மாதிரி. நம் மாத்திரை நகல் எடுப்பதை நிறுத்தும், மூலப்பத்திரத்தை அதனால் தொட முடியாது. அதனால் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை தெரியாத அளவுக்குக் குறைந்தாலும் மேலுறைப் புரதம் வந்துகொண்டிருக்கும், ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றே வரும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. டாக்டரைக் கேட்காமல் நீங்களே நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகி, கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழந்துகூடப் போகலாம். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இப்படி ஒரு மூலப்பத்திரம் கிடையாது. அதனால்தான் 2013-ல் சோஃபோஸ்புவிர் என்ற மருந்து வந்த பிறகு பெரும்பாலும் 12 வாரச் சிகிச்சையிலேயே நூற்றுக்குத் 95 பேர் முழுதாகக் குணமாகிறார்கள். பி-யின் அந்த வட்ட டிஎன்ஏவை அழிக்கவோ நிரந்தரமாக ஊமையாக்கவோ வழி தேடித்தான் உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்களில் விளக்கெரிகிறது. எங்களுடையதிலும்தான்.

சித்தி வீட்டுக்குப் போனேன். கொடியடுப்புப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவனுக்குத்தான். அவற்றை எடுத்து மற்றப் பாத்திரங்களோடு வைத்தேன். சேர்ந்து சாப்பிடுவதால், தொடுவதால், கட்டிப்பிடிப்பதால் இது பரவாது. ரத்தத்தாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும். காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் தாக்குப்பிடிக்கும் வைரஸ் இது. ஆகவே பிரிக்க வேண்டியது ரேசர், பிரஷ், நகவெட்டி. சலூனில் புது பிளேடு, பச்சை குத்தும் இடத்தில் புது ஊசி.

பிறகு எல்லோருக்கும் ரத்தம் எடுத்தோம். சித்திக்கும் பாசிட்டிவ். "நான்தான் புள்ளைக்குக் குடுத்துட்டேனா?" என்று கேட்டார். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பிறந்தது 1996-ல். பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அப்போது அரசுத் திட்டத்திலேயே இல்லை. நாடு முழுவதற்கும் அது வர 2011 ஆகிவிட்டது. உடம்பில் இருப்பதே தெரியாத ஒன்றுக்கு ஒரு தாய் எப்படிப் பொறுப்பாவார்?

அவனுக்கு வைரஸ் எண்ணிக்கை குறைவு, எஸ்.ஜி.பி.டி. நார்மல், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனும் நன்றாக இருந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வர வேண்டும் என்று கல்லீரல் டாக்டர் சொல்லியிருக்கிறார். திருச்சியில் லாரி ஓட்டுகிறான். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதே அவனுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அவன் தங்கைக்கும் பாசிட்டிவ். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி, வைரஸ் எண்ணிக்கையும் அதிகம். டாக்டர் உடனே டெனோஃபோவிர் தொடங்கினார். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லி, தடுப்பூசியோடு, வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினையும் வாங்கி வைத்தோம். பெண் குழந்தை. பிறந்த நான்காவது மணி நேரத்தில் ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின். 6, 10, 14 வாரத்தில், ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்தும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசிகளும் தவறவில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுத்தாள், அதற்குத் தடையில்லை. அடுத்த மாதம் பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. ஆன்டிஜென் இருக்கிறதா, எதிர்ப்புப் புரதம் பத்துக்கு மேல் வந்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். காலண்டரில் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்.