விரதம் பிடியுங்கள், குளிசையில் கை வைக்க முதல் வந்து கேளுங்கள்

இந்த முறையும் அதேதான். கந்தசஷ்டி ஐந்தாம் நாள் ஓர் அம்மாவைக் கோயில் மண்டபத்திலிருந்து நேரே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரத்தத்தில் சீனி 480 mg/dL, எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கேதாரகௌரி தொடங்கிய நாளிலிருந்தே இன்சுலினையும் குளிசையையும் நிறுத்திவிட்டாராம். மறுநாள், சூரன்போர் அன்று, ஓர் ஐயா. அவர் எதையும் நிறுத்தவில்லை. இளநீரை மட்டும் குடித்துக்கொண்டு சீனியை இறக்குகிற கிளிபென்கிளமைட் குளிசையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார். சீனி 34க்கு இறங்கிவிட்டது. இருவரும் தப்பிவிட்டார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் சொன்னது ஒன்றுதான்: "விரதமெண்டபடியா நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை, டொக்டர்."

யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தக்காரரைப் பார்க்கிற எவருக்கும் ஐப்பசி என்றால் வயிற்றைக் கலக்கும். காரணம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. புரட்டாசி அமாவாசைக்கு அடுத்த பிரதமையில் நவராத்திரி தொடங்கி நவமியில் முடிகிறது. தசமியில் கேதாரகௌரி தொடங்குகிறது. அது 21 திதி ஓடி, அமாவாசையில் காப்புக் கட்டுவதோடு நிறைகிறது. அடுத்த பிரதமையில் கந்தசஷ்டி. நடுவில் மூச்சு விட ஒரு நாள் இல்லை. மூன்றையும் பிடிக்கிற அம்மாமார் இங்கே நிறையப் பேர். 9, 21, 6 என்று கூட்டிப் பாருங்கள், 36 திதி. ஒரு முழுச் சந்திர மாதத்தையும் தாண்டிவிடுகிறது.

கிளினிக் திகதி இதற்குத் தோதாக வருவதில்லை. சந்திர வருடம் 354 நாள்தான் என்பதால் விரத நாட்கள் வருடா வருடம் 11 நாள் அளவில் முன்னே நகரும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் புகுந்து பின்னே தள்ளிவிடும். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போதாததற்கு ஒரு திதி 19 மணித்தியாலத்திலும் முடியும், 26 மணித்தியாலமும் நீளும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் சில மணித்தியாலம் வேறுபட்டால் இந்தக் கோயிலில் இன்று, அந்தக் கோயிலில் நாளை. ஆனால் இவையெல்லாம் சித்திரையில் வாங்கிய பஞ்சாங்கத்திலேயே அச்சாகி வீட்டில் தொங்குகின்றன. திடீரென்று வந்த விரதம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. என்னிடம் வருகிற முஸ்லிம் நோயாளிகள் பலர் நோன்புக்கு முன்பே வந்து, "எந்தக் குளிசையை எப்ப போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நம்மவர்கள் விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணைக்குப் பிறகு வருகிறார்கள், அதுவும் அம்புலன்சில்.

இனி எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற கதைக்கு வருகிறேன். "சாப்பிடாட்டி சீனி எப்பிடி ஏறும்? பிறகென்னத்துக்குக் குளிசை?" படித்தவர்களும் கேட்கிறார்கள், ஆசிரியர்களும் கேட்கிறார்கள். சரி, நான் ஒன்று கேட்கிறேன். கிளினிக்குக்கு இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்துதானே இரத்தம் கொடுக்கிறீர்கள்? அது 190 என்று வருகிறதே, அந்தச் சீனி எங்கிருந்து வந்தது? உங்கள் ஈரலிலிருந்து. வாய்வழியாக வராவிட்டால் ஈரல் தன்னிடம் இருப்பதை அவிழ்த்துவிடும், தீர்ந்தால் புதிதாகவும் செய்யும். அதை அளவோடு வைத்திருப்பது இன்சுலின். அந்த இன்சுலினே குறைந்தவர்களுக்கு, பட்டினி கிடந்தாலும் சீனி ஏறும். உங்கள் கிளினிக் கொப்பியில் மாதாமாதம் இதற்குச் சாட்சி எழுதியிருக்கிறது, புரட்டிப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே ஊசி போடுகிற முதலாம் வகைக்காரர் இன்சுலினை முற்றாக நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து.

அதற்காக எல்லாவற்றையும் வழக்கம்போலப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். கிளிக்ளசைட், டோல்பியூட்டமைட், கிளிபென்கிளமைட் போன்றவை நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்ப்பதில்லை, இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஆடி அமாவாசைக்குக் காலையில் இந்தக் குளிசையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு கீரிமலையில் முழுகி, வெயிலில் வரிசையில் நின்று பிதிர்க்கடன் முடித்து, பின்னேரம் மூன்று மணிக்குத்தான் இலைக்கு முன் உட்காருகிறவரை நினைத்துப் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசை எடுப்பவர்களின் சிக்கல் வேறு: சீனி பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகலாம். எதைக் குறைப்பது, எதை இரவுக்கு மாற்றுவது, எதை நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு உங்களுக்குச் சரிவராது.

"குளிசை விழுங்கினால் விரதம் முறியாதோ?" முறியாது. விரலில் குத்திச் சீனி பார்த்தாலும் முறியாது. உணவை விட்டாவது சுருக்கியாவது வழிபடுவதே விரதம் என்று நல்லூர் ஆறுமுக நாவலர் எழுதியதைச் சைவசமய பாடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். ஆறு நாள் உபவாசம் முடியாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்ணலாம் என்றும் அவர் வழி விட்டிருக்கிறார். அவரை விட ஆசாரம் எங்களுக்கு வேண்டாமே.

விரதம் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே கொப்பியோடு வாருங்கள். முதலாம் வகைக்காரர், கர்ப்பிணிகள், இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் முழுப் பட்டினி கிடக்கவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்களும் பிறசருக்கு லோசாட்டன் எடுப்பவர்களும் நாள் முழுக்க இளநீரும் வாழைப்பழமுமாக இருக்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். வலிப்பு, தைரொயிட் குளிசைகளையும், இரத்தம் உறையாமலிருக்கப் போடும் வோபரினையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒருபொழுது என்று சொல்லிக்கொண்டு இரவில் ஒரு மலைச் சோறும் அரியதரமும் சாப்பிடுவதும் விரதமல்ல, சொல்லிவிட்டேன்.

வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், அல்லது சீனி 70க்குக் கீழே இறங்கினால், அந்த இடத்திலேயே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பூசை முடியட்டும் என்று இருக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், உடனே கொண்டுவாருங்கள். குளிசையால் இறங்கிய சீனி என்றால், தெளிந்த பிறகும் கொண்டுவாருங்கள். முதியவர்களுக்குக் கிளிபென்கிளமைட் ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப இறக்கும். பிறசருக்கோ இதயத்துக்கோ அட்டினோலோல் போடுபவர்களுக்கு நடுக்கமே தெரியாமல் போகலாம், அவர்கள் கையில் சீனி பார்க்கிற மீற்றர் இருக்கட்டும்.

பாறணை அன்று காலையில் முதலில் சீனியைப் பாருங்கள். முதல் சாப்பாட்டை அளவோடு எடுத்துக்கொண்டு, பழைய அளவு மருந்தை நாங்கள் எழுதித் தந்த நேரத்தில் தொடங்குங்கள். விட்ட ஆறு நாள் குளிசையையும் சேர்த்து ஒரேயடியாகப் போட வேண்டாம். அதையும் செய்தவர்கள் இருக்கிறார்கள்.