வேலையில் ஊனமானவர்களுக்கு: உதவித்தொகை வேறு, இழப்பீடு வேறு

கரும்பு ஆட்டும் பருவத்தில், எங்கள் பக்கத்து ஊர் வெல்ல ஆலைக் கொட்டகையில் ஓர் அக்காவின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் தப்பியது, மற்ற நாலு விரலும் போய்விட்டன. ஆலைக்காரர் கெட்டவர் இல்லை. தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், மருந்துச் செலவையும் பார்த்துக்கொண்டார். வாசலில் வைத்து மட்டும் அக்காவின் வீட்டுக்காரரிடம், "வீட்டுல மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுற மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க மாமா, போலீஸ் கேஸ் ஆச்சுன்னா எல்லாருக்கும் அலைச்சல்" என்றார். அவரும் அப்படியே சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் நாள் இருபது ரூபாய் பத்திரத்தில் "மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி, அக்காவின் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு 40,000 ரூபாய் கொடுத்தார்கள். ஊரே "நல்ல மனுஷன்" என்றது.

அந்த அக்காவுக்குச் சட்டப்படி வரவேண்டியது எவ்வளவு என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்தது. அதன் சாரம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இருக்கிறது. கணக்கு இதுதான். மாதக் கூலியில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கென்று அட்டவணையில் உள்ள ஓர் எண்ணால் பெருக்கவேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. மாதக் கூலி 10,000 என்றால், 6,000-ஐ 197.06-ஆல் பெருக்க 11,82,360 ரூபாய் வரும். உழைக்கும் திறன் முழுவதும் போனவருக்கு இந்தத் தொகை. ஒரு கையின் நாலு விரலும் போனால் இழப்பு 50 சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஆக, 5,91,180 ரூபாய். அக்கா கையில் வந்தது நாற்பதாயிரம்.

கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்வார்கள் என்று 2020 ஜனவரியில் உச்சவரம்பு வைத்தார்கள். கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் அளவு உண்டு. அட்டவணையில் இல்லாத காயம் என்றால் உழைக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்லவேண்டும்.

அட்டவணைச் சதவீதத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்றும் நினைக்கவேண்டாம். 1968-இல் ஒரு தச்சர், சினிமா கொட்டகை ஒன்றில் அலங்கார மரவேலை செய்யும்போது கீழே விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்று அந்தத் தீர்ப்பைச் சொல்வார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்யமுடியாது, ஆகவே அவர் தன் உழைக்கும் திறனை முழுவதுமாக இழந்தவர்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கரும்பு திணிப்பவர், தறி ஓட்டுபவர், கல் உடைப்பவர் எல்லோருக்கும் இந்தத் தீர்ப்பு உதவும். அந்தக் கையை வைத்து அவர் செய்த வேலையை இனி செய்யமுடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

சரி, பத்திரத்தில் ரேகை வைத்தாயிற்றே, அதற்கு என்ன செய்வது? அந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இரு தரப்பும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டாலும் அதை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யவேண்டும். தொகை போதாது என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். கொட்டகையில் வைத்து எழுதி வாங்கிய தாளுக்கு இந்தப் பலம் கிடையாது. என் பார்வையில், கிராமத்துத் தொழிலாளிகள் மிக அதிகமாக இழப்பது இந்தத் தாளைக் கண்டு பயந்துதான்.

"உன் கவனக்குறைவுதானே" என்பது அடுத்த பேச்சு. வெறும் கவனக்குறைவு முதலாளியைக் காப்பாற்றாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றிப்போட்டார் என்பவைதான் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணங்கள். உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ அவையும் எடுபடாது. பாதுகாப்பு மூடியே இல்லாத மிஷினில் எந்த மூடியைக் கழற்றியிருக்க முடியும்? "நான் கூட்டி வரவில்லை, மேஸ்திரிதான் கூட்டி வந்தார்" என்றும் சொல்வார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும், வேலை நடந்த இடத்தின் முதன்மை முதலாளியே பொறுப்பு. அவர் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

மனு போடவேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். அங்கே தொழிலாளர் இணை ஆணையரோ துணை ஆணையரோ இழப்பீட்டு ஆணையராக இருப்பார். விபத்து நடந்து இரண்டு ஆண்டு தாண்டவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் முதலாளி பணம் கட்டவில்லை என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி உண்டு. தகுந்த காரணம் இல்லாத தாமதம் என்றால் தொகையில் பாதி வரை தண்டமும் போடலாம். பழைய சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லியிருந்தது. நடப்பில் கூடுதலாகவே இழுக்கும், அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கும் நிறுவனமாக இருந்தால் இந்த வழியில் போகமுடியாது. ஈ.எஸ்.ஐ. மூலமாகவே மாதாமாதம் ஊன உதவி வரும்.

இழப்பீட்டு வழக்கில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் நாள் ஆஸ்பத்திரியில் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். காயம் எப்படி, எங்கே, எப்போது பட்டது என்று நீங்கள் சொல்வதை அதில் எழுதுவார்கள். "வீட்டில் பட்டது" என்று எழுதிவிட்டால், பிறகு அதை மாற்றி நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். வேலையிடத்தில் பட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அது யாரையும் காட்டிக்கொடுப்பது ஆகாது. அக்கா விஷயத்தில், அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் நடந்ததைச் சொல்ல முன்வந்ததால்தான் வழி கிடைத்தது. சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்படுபவர்கள் கூலி ஜிபேயில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விபத்தன்று முதலாளி வீட்டுக்குப் போன போன் அழைப்பு, கொட்டகையில் எடுத்த போட்டோ, அவர் கட்டிய ஆஸ்பத்திரி பில், அந்த இருபது ரூபாய் பத்திரத்தின் நகல் கூட உதவும். வேலை செய்யவே இல்லை என்றால் அவர் ஏன் நாற்பதாயிரம் கொடுத்தார்?

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கும். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக்கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கே இருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதித்தருவார். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். கோர்ட் கட்டணம், தட்டச்சுச் செலவு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. அவர்கள் நியமித்த வக்கீல் தனியாகப் பணம் கேட்டால், ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அவரும் ஒரு நீதிபதிதான்.

வழக்கைச் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போவதில் ஒரு எச்சரிக்கை. அங்கே முடிந்தால் சீக்கிரம் பணம் வரும், உண்மைதான். ஆனால் அங்கே ஆகும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. தொகையை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அங்கேயே தலையாட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதுவரை சொன்னது முதலாளி தரவேண்டியது. அரசு தருவதற்கு முதலாளியோ விபத்தோ தேவையில்லை. பிறவி ஊனமானாலும் சரி, வாதமானாலும் சரி. இரண்டையும் வாங்கலாம், ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரசு உதவிக்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் வரும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று வைத்து ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் நீங்களோ இ-சேவை மையம் மூலமோ பதிந்துவிட்டு, அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். காயம் ஆறி, கை இனி இவ்வளவுதான் என்று தெரிந்தபின் போவது நல்லது. சீக்கிரம் போனால் தற்காலிகச் சான்று என்று எழுதி மறுபடி அலையவிடுவார்கள். சிகிச்சைக் காகிதங்களை எல்லாம் கொண்டுபோங்கள். சதவீதம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவில் வழி உண்டு.

தமிழ்நாட்டில் மாத உதவி இரண்டு துறைகளில் இருந்து வருகிறது. மக்கள் இங்கேதான் மிகவும் குழம்புகிறார்கள். வருவாய்த் துறை தருவது மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம். 2023 ஜனவரியில் அது 1,000-லிருந்து 1,500 ரூபாயானது. இதற்கு இ-சேவையில் மனு போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு, கடுமையான ஊனம், தண்டுவடக் காயம் என்று குறிப்பிட்ட வகையினருக்கு மட்டும் அது. கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கவேண்டும். ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் வாங்கமுடியும்.

மனு தள்ளுபடி ஆனால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "மகன் சம்பாதிக்கிறான்" என்று வாயால் சொல்லி அனுப்பியிருப்பார்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், அதிலும் நடக்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர் இருக்கவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் சட்டம் இயற்றியது. உங்கள் ஊரில் அவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கூட வந்து நிற்க ஆள் வேண்டுமே.

இன்னும் ஒன்று, பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். மே கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அப்படியென்றால் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு உங்களுக்கு இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், நினைவிருக்காது. ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ முழுவதும் பயனற்றுப் போனால் 1 லட்சம், இரண்டும் போனாலோ உயிர் போனாலோ 2 லட்சம். விபத்து நடந்து 30 நாளுக்குள் வங்கியில் சொல்லிவிடவேண்டும், பலருக்கும் இந்தக் கெடுதான் தவறுகிறது. அப்புறம், உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலோ கட்டுமான வாரியத்திலோ பதிந்திருந்தால் அங்கேயும் விபத்து ஊனத்துக்கு உதவி உண்டு. அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஓய்வூதியம் கணக்கில் வந்த பிறகும் அக்காவுக்கு ஒரு தடங்கல் வந்தது. ரேஷன் கடையிலும் வங்கி முகவரிடமும் விரல்ரேகை வைக்கச் சொல்கிறார்கள். வலது கையில் கட்டைவிரல்தான் மிச்சம், அதன் ரேகையும் இடது கை ரேகையும் வெல்லப்பாகு சூட்டில் தேய்ந்துபோய் மிஷினில் விழவில்லை. வங்கியில் பழைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆதார் மையத்தில் போய்க் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்து, போன் எண்ணையும் சேர்த்துக்கொண்டால் கண்ணாலோ ஓ.டி.பி.யாலோ வாங்கலாம். வங்கியில் கையெழுத்துப் போடமுடியாதவர் பெருவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்கவேண்டும். ரிசர்வ் வங்கியே இப்படிச் சொல்லியிருக்கிறது என்று மேலாளரிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் அக்காவின் முதல் மாத 1,500 ரூபாய் கைக்கு வந்தது.