20 நிமிட வேலைக்கு இவ்வளவா? துப்பாக்கிப் பட்டறையின் கூலிக் கணக்கு

“ஒரு ஊசியை மாத்துறதுக்கு இவ்வளவா தம்பி?”

பெரியவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய பழைய ரைஃபிளில் ஃபயரிங் பின் முனை உடைந்திருந்தது. தோட்டாவின் அடியிலுள்ள ப்ரைமரைக் குத்தும் ஊசி அது. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, புது ஊசியைப் போட்டு மாட்டினேன். மொத்தம் 20 நிமிடம். அதை அவர் கண்ணால் பார்த்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அவர் பார்க்காதது அதற்கு முந்தைய இரண்டு நாள். அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. அதனால் எஃகுக் கம்பியை லேத்தில் கடைந்து ஊசியை நானே செய்தேன். பிறகு சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தவேண்டும். அப்போது அது கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், ஆனால் உடையும். அதனால் மறுபடி மெதுவாகச் சூடேற்றிப் பதம் இறக்கவேண்டும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும். 300ஐ நெருங்கும்போது நீலம் வரும். அடி வாங்கும் பாகத்தை வைக்கோல் நிறத்தோடு நிறுத்தினால் சில நாளில் மறுபடி முறியும். நீலத்தைத் தாண்டவிட்டால் முனை மழுங்கும். முதல் ஊசியை நான் தாண்டவிட்டேன். அதற்கு அவரிடம் காசு கேட்கவில்லை, அது என் கவனக்குறைவு.

ஊசியை மாட்டிய பிறகு அது போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளக்கவேண்டும். குறைவாக நீட்டினால் தோட்டா வெடிக்காது. அதிகமாக நீட்டினால் ப்ரைமரைத் துளைத்துவிடும். சூடான வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். இந்தச் சோதனைக்கும், அப்புறம் சுட்டுப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் பில்.

பாகத்தை மாற்றுவது வேலையில் பாதிதான். மாற்றிய பிறகு பட்டறைக்காரர் என்னென்ன சோதித்தார் என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம். ஹெட்ஸ்பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் உட்கார்ந்த தோட்டாவை போல்ட் எவ்வளவு இறுக்கமாகத் தாங்குகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. இதை அளக்க, தோட்டா வடிவில் துல்லியமாகக் கடைந்த கேஜ்கள் உண்டு. பாயின்ட் 308 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகத்துக்கு ‘கோ’ கேஜ் 1.630 அங்குலம், ‘நோ-கோ’ கேஜ் 1.634 அங்குலம். முதலாவதை வைத்தால் போல்ட் மூடவேண்டும், இரண்டாவதை வைத்தால் மூடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன். அந்த எல்லையைத் தாண்டிப் போகப்போக, சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னால் நீண்டு கிழியும் அபாயம் கூடும். போல்ட்டை மாற்றிவிட்டு இதை அளக்காமல் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அது எனக்கு மலிவாகத் தெரியாது.

இந்த கேஜ்களைத் தோட்டா ரகத்துக்கு ஏற்பத் தனித்தனியாக வாங்கவேண்டும். என் அலமாரியில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும் கேஜ்கள் இருக்கின்றன. சிலது அதுகூட இல்லை. வாங்கிய அன்று மனைவி கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. உரிமம், பதிவேடு, பாதுகாப்புப் பெட்டகம் என்று நாட்டுக்கு நாடு மாறும் செலவுகளும் இதோடு சேரும்.

குறைந்த கூலி எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்க்க இரட்டைக்குழல் துப்பாக்கியைவிட நல்ல உதாரணம் கிடையாது. வளைத்துத் திறக்கும் துப்பாக்கியில் குழல்கள் ஒரு கீல் ஆணியைச் சுற்றித் திரும்புகின்றன. பல்லாயிரம் முறை திறந்து மூடினால் அந்த இடம் தேயும். குழலின் பின்முனைக்கும் பின்சுவருக்கும் இடையே இடைவெளி விழும். ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். சரியான வைத்தியம், பெரிய அளவில் புது ஆணி செய்து பொருத்துவது. இல்லையென்றால் குழலுக்கு அடியிலுள்ள கொக்கியில் உலோகம் ஏற்றி அரத்தால் இழைப்பது. விளக்குக் கரியைப் பூசி மூடுவோம். திறந்து, எங்கே கரி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்போம். அந்த இடத்தில் மட்டும் ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி இழுப்பு. ஒரு நாள் முழுக்க இதே வேலைதான்.

குறுக்குவழியும் உண்டு. கொக்கியைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் உலோகம் பிதுங்கும், துப்பாக்கி இறுகிவிடும். 10 நிமிடம் போதும். கடையில் மூடிக் காட்டும்போது ‘டக்’ என்று அருமையாக மூடும். ஆனால் பிதுங்கிய அந்த மெல்லிய விளிம்பு சில பெட்டித் தோட்டாவுக்குள் நசுங்கிவிடும். இப்படி இரண்டு முறை தட்டி வாங்கிய துப்பாக்கியோடு ஒருவர் என்னிடம் வந்தார். முதலில் சுத்தியல் தழும்புகளை எடுக்கவே எனக்கு அரைநாள் போனது. மூன்று பில்லையும் கூட்டினால் நல்ல வேலையின் கூலியைவிட எவ்வளவோ அதிகம். தட்டியவரை மோசடிக்காரர் என்று சொல்லமாட்டேன். “இது தாங்காது, தற்காலிகம்தான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

நிறமேற்றும் வேலையிலும் இதே குழப்பம் உண்டு. ‘ப்ளூயிங்’ என்று ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சூடான முறையில் சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் காரக் கரைசலில் குழலை அமிழ்த்துவார்கள். பாலிஷ் போட ஆகும் நேரத்தை விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மற்றது துரு முறை: இரும்பைத் துருப்பிடிக்கவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து, கம்பி பிரஷ்ஷால் துடைத்து, நிறம் ஆழமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. நாட்கணக்கு ஆகும். பழைய இரட்டைக்குழல்களை ஈயப்பற்றால் இணைத்திருப்பார்கள். சூடான காரம் அந்தப் பற்றைத் தின்றுவிடும். குழல்களுக்கு நடுவே புகுந்த உப்பும் வெளியே வராமல் உள்ளிருந்தே அரிக்கும். இரட்டைக்குழலுக்கு ஒருவர் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாகச் சொன்னால், எந்த முறை என்று கேட்டுவிடுங்கள்.

சரி, எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். “தோட்டா சரியாக ஏறவில்லை” என்று வரும் துப்பாக்கிகளில் நிறைய, உள்ளே எண்ணெய் பிசினாக உறைந்தவைதான். கழற்றிக் கழுவி, அளவாக எண்ணெய் விட்டால் ஓடும். இதற்குச் சுத்தம் செய்த கூலி மட்டுமே நியாயம். ‘இயந்திர அமைப்பு முழுச் சீரமைப்பு’ என்று எழுதிய பில்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தராத பழக்கமும் உண்டு. கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். பழம்பொருள் மதிப்புள்ள துப்பாக்கியைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்து அதற்கும் காசு வாங்குவது இன்னும் மோசம். தேய்ந்துபோன முத்திரைகளும் அசல் நிறமும் திரும்ப வராது; விற்கும்போது விலை விழும்.

நானும் ஒழுங்கில்லை. கட்டையில் ஒரு விரிசல் என்று வந்த துப்பாக்கிக்கு ஒரு தொகை சொன்னேன். பிரித்தால், முன்பு யாரோ மரப்பசையும் ஆணியும் போட்டு ஒட்டிய பழைய முறிவு உள்ளே இருந்தது. நாலு நாள் வேலையானது. வாடிக்கையாளருக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் முடித்துவிட்டு, சொன்னதைப்போல இரண்டு மடங்கு பில் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. என் கணக்கில் ஒவ்வொரு மணி நேரமும் உண்மைதான். ஆனால் அந்த வேலை வேண்டுமா என்று முடிவெடுக்கவேண்டியவர் அவர். இப்போதெல்லாம் பிரித்ததும் கையை நிறுத்திவிட்டுப் போனை எடுக்கிறேன்.

அதிகம் மனத்தாங்கல் வருவது எதையும் பழுதுபார்க்காமல் வாங்கும் காசுக்குத்தான். பழைய குழலின் சுவர்த் தடிமனை அளந்து, உள்ளே அரிப்பைப் பார்த்து, “இதில் இனி சுடாதீர்கள்” என்று சொன்னால், “ஒண்ணும் செய்யலை, காசு மட்டும் வாங்கிட்டான்” என்பார்கள். 65 மில்லிமீட்டர் அறையுள்ள பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டா சிரமமில்லாமல் நுழையும், ஏனென்றால் அந்த 70 என்பது தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகான நீளம். சுட்டவுடன் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இதைக் கண்டுபிடிக்க அளவுகோலும் சில நிமிடமும் போதும். அந்தச் சில நிமிடத்துக்குக் காசு கேட்க எனக்குக் கூச்சமில்லை.

சோதனை முத்திரை கட்டாயமான நாடுகளில் இன்னொரு செலவு வரும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது, பர்மிங்காம் சோதனை நிலையம் 1813இல் வந்தது. இன்றும் இவை குழல்களைச் சோதித்து முத்திரை குத்துகின்றன. வழக்கமான உச்ச அழுத்தத்தைவிடக் குறைந்தது 25% கூடுதலாகத் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழலிலோ அறையிலோ பெரிய மாற்றம் செய்தால் மறுபடி அனுப்பவேண்டும். தேறாமல் போகவும் கூடும். அப்போது நஷ்டம் யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ட்ரிகரை மிருதுவாக்கச் சொல்பவர்களிடம் நான் கொஞ்சம் கறார். ட்ரிகரை இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து நிறுத்தும் பாகத்தின் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும், உள்ளே மென்மை. வீடியோ பார்த்து அரத்தால் தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும். ஒருநாள் போல்ட்டை அடித்து மூடும்போதே துப்பாக்கி தானாக வெடிக்கும். நான் செய்தால், போல்ட்டை ஓங்கி மூடியும், கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டியும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். அதற்கான கூலியைக் குறைக்கமாட்டேன். வேறு இடத்தில் பாதிக்குச் செய்கிறார்களாம், சொன்னார்கள்.

பட்டறையை எடைபோட ஒரு சுலபமான வழி உண்டு. திரும்ப வாங்கும்போது, உள்ளே தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்த பிறகு, திருகுகளின் தலையைப் பாருங்கள். துப்பாக்கித் திருகுகளின் பள்ளம் மெல்லியது; ஒவ்வொன்றுக்கும் பொருந்துமாறு சாணை பிடித்த திருப்புளி வேண்டும். பள்ளம் கிழிந்து ஓரம் பிதுங்கியிருந்தால் அந்தக் கை அவசரக் கை. அப்படி ஒரு துப்பாக்கி என் மேசைக்கு வந்தால், “இதுக்கு முன்னாடி யார் திறந்தாங்க?” என்று கேட்பேன். பாதி நேரம் பதில் வராது, எதிரே நிற்பவர் லேசாகச் சிரிப்பார். அந்தத் திருகுக்கும் தனியாகப் பில் உண்டு.