ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் உரிய உதவித்தொகைகள்: கொங்கு மண்டலத்திலிருந்து விண்ணப்பிக்கும் முறை

ஈரோட்டிலோ தாராபுரத்திலோ இருந்துகொண்டு ஓவியமோ சிற்பமோ செய்பவர் அரசு உதவிக்கு விண்ணப்பிக்க நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது தம் வயதைத்தான். ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம், 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு இளம் கலைஞர் உதவித்தொகையாக மாதம் ரூ.5,000, 25 முதல் 40 வயது வரை இளநிலை ஃபெலோஷிப்பாக ரூ.10,000, அதற்கு மேற்பட்டவர்களுக்கு முதுநிலை ஃபெலோஷிப்பாக ரூ.20,000 என வகுத்திருக்கிறது. மூன்றும் இரண்டு ஆண்டுகளுக்கு உரியவை; சி.சி.ஆர்.டி. என்னும் பண்பாட்டு வளப் பயிற்சி மையத்தின் வழியே இணையத்தில் விண்ணப்பம் பெறப்படுகிறது. மாதக் கணக்கில் சொல்லப்பட்டாலும் பணம் மாதாமாதம் வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு தவணைகளில்தான் தரப்படுகிறது. இதை நம்பி ஊர் மாறி வாடகைக்கு இடம் பிடிப்பவர்கள் கையில் சிறிது பணம் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றுக்குள் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. இளம் கலைஞர் உதவித்தொகை, ஏற்கெனவே குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றவர் ஓர் ஆசிரியரிடம் மேற்பயிற்சி பெறுவதற்கானது. ஃபெலோஷிப் என்பதோ குறிப்பிட்ட ஒரு பணித்திட்டத்துக்குத் தரப்படுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். ஆகவே "கொங்கு நாட்டுக் கலை மரபை ஓவியமாக்குவேன்" என்று எழுதினால் தேர்வுக் குழுவினருக்கு எதுவும் விளங்காது. "காங்கயம் வட்டாரத்துக் கோயில்களில் உள்ள மண் குதிரைகளின் மேற்பூச்சு, சுண்ணாம்பிலிருந்து எனாமலுக்கு மாறியதை இருபது ஓவியங்களில் பதிவு செய்வேன், முதல் ஆறு மாதம் ஊர் ஊராகச் சென்று கோட்டோவியம் எடுப்பேன்" என்று எழுதினால், இடம், அளவு, காலம் மூன்றும் தெரிந்துவிடுகின்றன.

மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கு நம் பகுதியில் வாசல், கோவை மலுமிச்சம்பட்டியில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையம். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கலை மன்றங்கள் வழங்கும் விருதுகளும் வயதுவாரியானவையே: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. பரிசுத் தொகை பெரிதன்று. ஆனால் பட்டப்படிப்பு இல்லாமல் தம் கைத்திறனை மட்டுமே நம்பி நிற்கும் ஒருவருக்கு, பிற விண்ணப்பங்களோடு இணைக்க ஓர் அரசுச் சான்று கிடைக்கிறதே, அதற்காகவே விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு, ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பாக நாளிதழின் உள்பக்கத்தில் சில வரிகளில் வந்து போய்விடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மையத்தில் நேரில் விசாரிப்பது நல்லது.

அரசு சாராத நிறுவனங்களில், பெங்களூரில் இயங்கி, கலைப் பணிகளுக்கு நிதி உதவும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இந்திய மொழிகள் எதிலும் விண்ணப்பம் எழுத இடம் தருகிறது. ஆங்கிலத்தை நினைத்தே ஒதுங்குகிறவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறிடத்தில் சில வாரங்கள் தங்கிப் பணியாற்றும் ரெசிடென்சி வாய்ப்புகளுக்கு டெல்லியின் கோஜ் போன்ற அமைப்புகள் அழைப்பு விடுக்கின்றன. கலைஞர்கள் கூடித் தங்கிப் பணியாற்றுவது நமக்குப் புதியதும் அன்று. 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்த கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர்தான். ரெசிடென்சிக்கு எழுதும்போது பயணம், தங்குமிடம், உணவு, பொருள்கள் ஆகியவற்றில் எதை அவர்கள் ஏற்கிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

எந்த விண்ணப்பமானாலும் முதல் சுற்றில் நடுவர்கள் பார்ப்பது ஓவியத்தை அல்ல, அதன் புகைப்படத்தைத்தான். இதில்தான் நல்ல ஓவியர்களும் தோற்றுப்போகிறார்கள். காலை வெயில் நேராக விழாத திண்ணையில் ஓவியத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அதன் நடுப்பகுதியின் உயரத்துக்குச் செல்போனைப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். நான் ஒருமுறை சோம்பல்பட்டுக் கழற்றாமல் எடுத்ததில், ஓவியத்தின் வானத்தில் என் சட்டை தெரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர் வண்ணம் போன்று எதனால் செய்தது என்பது), சென்டிமீட்டரில் உயரமும் அகலமும், ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அச்சு வடிவங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வேலையின் பகுதியாக வரைந்தவற்றின் பதிப்புரிமை, அதாவது அவற்றை நகலெடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே உரியது. அவற்றை அனுமதியின்றி விண்ணப்பத்தில் சேர்க்கக் கூடாது. வீட்டில் தமக்கென வரைந்தவை அவருடையவை. போட்டிகளில் "வென்ற படைப்பு அமைப்பாளருக்கே உரியது" என்ற விதி இருந்தால், அது ஓவியத்தின் உடைமையைக் குறிக்கிறதா, பதிப்புரிமையையும் சேர்த்துக் குறிக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதிப்புரிமையை மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்து ஆவணத்தால் மட்டுமே செல்லும். அதில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். அந்த ஆவணத்தின் நகல் ஒன்றை வாங்கி, விண்ணப்ப நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.