15 மில்லியா, 150 மில்லியா?

மாடித்தோட்டத்துத் தக்காளியில் மாவுப்பூச்சி. 3 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். என்னிடம் இருந்தது அரை லிட்டர் ஸ்பிரே பாட்டில். செல்போனில் 500 பெருக்கல் 0.3 என்று தட்டினேன், 150 வந்தது. எண்ணெய் பாட்டிலில் பாதிக்கு மேல் காலியானபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு நாளில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டன.

3 சதவீதம் என்றால் நூற்றில் மூன்று, அதாவது 0.03. நான் போட்ட 0.3 முப்பது சதவீதம். ஊற்ற வேண்டியது 15 மில்லிதான், மூன்று டீஸ்பூன். சதவீதக் குறிக்குள்ளேயே ஒரு 'வகுத்தல் 100' ஒளிந்திருக்கிறது. குறியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் கால்குலேட்டரில் போடும்போது புள்ளியை இரண்டு இடம் நகர்த்த வேண்டும். அவசரத்தில் கை ஒரு இடத்தோடு நின்றுவிடுகிறது.

இப்போதெல்லாம் நான் கால்குலேட்டரைத் தொடுவதில்லை. 1 சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 மில்லி. இது ஒன்று நினைவிருந்தால் போதும். 3 சதவீதம் 30 மில்லி, 0.3 சதவீதம் 3 மில்லி, 0.1 சதவீதம் 1 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி சேர்த்தால் மொத்தம் 1030 மில்லி ஆகிவிடுமே, அப்போது அது 3 சதவீதம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கணக்குப்படி 2.9 சதவீதம். அந்த வித்தியாசம் மாவுப்பூச்சிக்குத் தெரியாது. பத்து மடங்குப் பிழை செடிக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு குழப்பம் லேபிளில் இருக்கிறது. வேம்பிலிருந்து எடுக்கும் பூச்சிவிரட்டி பாட்டிலில், வேம்பில் பூச்சியை விரட்டும் பொருளின் பெயரோடு, 'அசாடிராக்டின் 0.03%' என்று போட்டிருக்கும். அது தெளிக்க வேண்டிய அளவு இல்லை. பாட்டிலுக்குள் இருக்கும் மருந்தின் வீரியம். பத்து லட்சத்தில் 300 பங்கு. கடையில் பக்கத்திலேயே 1% பாட்டிலும் இருக்கும். அதில் பத்து லட்சத்துக்கு 10,000 பங்கு, முப்பது மடங்குக்கும் மேல். ஒன்றுக்குச் சொன்ன மில்லி கணக்கை மற்றதற்குப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, எதில் சதவீதம்? பாட்டிலுக்குள்ளா, தெளிக்கும் கரைசலிலா?

சரி, கணக்கு சரியாக வந்துவிட்டது, 1.5 மில்லி எடுக்க வேண்டும் என்று வையுங்கள். டீஸ்பூனில் முடியாது, ஊசியில்லாத சிரிஞ்சு வேண்டும். இங்கேயும் ஒரு பொறி. வழக்கமான 5 மில்லி சிரிஞ்சில் 1-க்கும் 2-க்கும் நடுவில் ஐந்து பிரிவுகள்தான்; ஒவ்வொன்றும் 0.2 மில்லி. கோட்டுக்கு 0.1 என்று எண்ணி 1-க்குப் பிறகு ஐந்தாவது கோடு வரை இழுத்தால் 1.5 இல்லை, 2 மில்லி வந்துவிடும். 2 மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் கோட்டுக்கு 0.1 இருக்கும், இந்த அளவுக்கு அதுவே நல்லது. சொட்டு எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 20 சொட்டு ஒரு மில்லி என்பது தண்ணீருக்கே ஒரு தோராயம்தான். எண்ணெய்ச் சொட்டின் பருமன் வேறு.

செடி போனால் இன்னொன்று வைக்கலாம். குழந்தை மருந்தில் அப்படி இல்லை. காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் டிராப்ஸில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். பரவலாகக் கிடைக்கும் ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125, அதாவது ஒரு மில்லிக்கு 25. பெயர் ஒன்று, வீரியம் நான்கு மடங்கு வேறு. சிரப்புக்குச் சொன்ன மில்லியை டிராப்ஸில் எடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும். சீட்டில் .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகும், 5.0 என்று எழுதினால் 50 ஆகும். அதனால்தான் மருந்துப் பாதுகாப்பு விதிகள் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடச் சொல்கின்றன, முழு எண்ணுக்குப் பின்னால் போடாதே என்கின்றன.

என் ஸ்பிரே பாட்டிலில் இப்போது மார்க்கரால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வேப்பெண்ணெய், 3 டீஸ்பூன்.